இறந்தவரின் காப்பீட்டுப் பணத்துக்கு வரி உண்டா? நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆயுள் காப்பீட்டுத் தொகை கைக்கு வரும்போது வருமான வரி எங்கே குறுக்கிடுகிறது என்பதைப் பற்றி, கோத்தகிரி முதல் கூடலூர் வரை மலைப்பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை அவர்களின் விருப்பப்படியே தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் ஒன்றரை ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, கொழுந்தைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொடுத்து வந்தார். சென்ற ஆண்டு மாரடைப்பால் இறந்துவிட்டார். அவர் எடுத்திருந்த பத்து லட்சம் ரூபாய் பாலிசிக்கு போனஸ் சேர்த்து 13,40,000 ரூபாயும், தாமதத்துக்கான வட்டி என்று 18,000 ரூபாயும் 2026 ஜனவரியில் கணக்கிட்டார்கள். வட்டியில் 3,600 ரூபாயை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியை என் வங்கிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். "இது ஆரம்பம்தான், மொத்தப் பணத்துக்கும் இருபது சதவீதம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும், அதற்குள் பாதியை உன் அக்காள் பெயருக்கு மாற்றிவிடு" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எனக்கு பான் அட்டை இல்லை. நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?
– வாசகி, கட்டபெட்டு

பதில்: முதலில், அக்காள் பெயருக்குப் பணத்தை மாற்றும் வேலையை நிறுத்திவையுங்கள், அம்மா. உங்கள் கணவர் இறந்ததன் பேரில் வந்த 13,40,000 ரூபாய்க்கு நீங்கள் ஒரு ரூபாய்கூட வருமான வரி கட்ட வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(10டி) பிரிவு, ஆயுள் காப்பீட்டு பாலிசியின் கீழ் கிடைக்கும் தொகைக்கும் அதனுடன் சேரும் போனஸுக்கும் விலக்கு அளிக்கிறது. பிற்காலத்தில் இந்த விலக்குக்குப் பல நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன என்றாலும், பாலிசிதாரரின் இறப்பினால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகையை அந்த நிபந்தனைகள் தொடாது என்று ஒவ்வொரு முறையும் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். தொகை இரண்டு லட்சமாக இருந்தாலும் இரண்டு கோடியாக இருந்தாலும் இதுவே விதி. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றனவே தவிர, இறப்புத் தொகைக்கான விலக்கு அப்படியே தொடர்கிறது.

அப்படியானால் 3,600 ரூபாய் எதற்காகப் பிடிக்கப்பட்டது? கடிதத்திலேயே அதற்கான விடை இருக்கிறது. கோரிக்கையைத் தீர்ப்பதில் காப்பீட்டு நிறுவனம் தாமதம் செய்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் இரண்டு சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அந்த வட்டி உங்கள் கணவரின் உயிருக்கு ஈடாக வந்த பணம் அன்று. உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைச் சில வாரங்கள் வைத்திருந்ததற்கான வருமானமாகவே சட்டம் அதைக் கருதுகிறது. அதனால் அது 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வருகிறது. வங்கி அல்லாத நிறுவனம் தரும் வட்டி ஓர் ஆண்டில் 10,000 ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீதம் வரி பிடிக்கப்படும். பான் எண் கொடுக்காதவருக்கு இருபது சதவீதம். 18,000 ரூபாயில் இருபது சதவீதம் 3,600. உங்கள் உறவினர் சொன்ன இருபது சதவீதம் இந்த வட்டிக் கணக்கிலிருந்து வந்ததுதான். அவர் அதை மொத்தத் தொகைக்கும் நீட்டிவிட்டார்.

பான் எண் இல்லாமல் போனதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்கு விற்பதோடு நின்றுவிடும் சிறு விவசாயிக்குக் கிடைப்பது முழுவதும் வேளாண் வருமானம். அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. தானே பயிரிட்டுத் தானே தூளாக்கி விற்பவருக்குத்தான் வருமானத்தில் 40 சதவீதம் தொழில் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படுகிறது. எனவே நம் ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) வாழ்நாள் முழுவதும் வரி அலுவலகத்தின் பக்கமே போகத் தேவையில்லாமல் வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களுக்குத்தான், வீட்டில் ஒருவர் இறந்து பெருந்தொகை வரும்போது, பான் இல்லாத குறை முதன்முதலாகத் தெரியவருகிறது.

இப்போது செய்ய வேண்டியவை இவை. ஆதார் எண்ணும் அதனுடன் இணைந்த கைபேசியும் இருந்தால், வருமான வரித் துறையின் தளத்தில் கட்டணமின்றி மின்னணு பான் பெறலாம். அந்த எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் எழுத்து மூலமாகக் கொடுத்து, அவர்கள் தாக்கல் செய்த வரிப்பிடித்த அறிக்கையில் உங்கள் பான் எண்ணைச் சேர்த்துத் திருத்தி அனுப்பும்படி கேளுங்கள். அந்தத் திருத்தம் நடக்காவிட்டால் பிடித்த பணம் உங்கள் வரிக் கணக்கில் தெரியாது; தெரியாத பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. திருத்தம் முடிந்த பிறகு, 2025–26 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கை 2026 ஜூலை 31க்குள் தாக்கல் செய்தால், உங்களுக்கு வேறு வருமானம் இல்லாத நிலையில் 3,600 ரூபாயும் திரும்ப வந்துவிடும். கிளைக்குச் செல்லும்போது, கோரிக்கை தீர்க்கப்பட்டதற்கான கடிதத்தின் நகலை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பெரிய தொகை எப்படிக் கணக்கில் வந்தது என்று பின்னாளில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு அந்த ஒரு தாள் போதும்.

இனி வரப்போகும் வருமானத்தைப் பார்ப்போம். 13,40,000 ரூபாயை ஏழு சதவீத வட்டிக்கு வைப்பு நிதியில் போட்டால் ஆண்டுக்கு 93,800 ரூபாய் வரும். அசலுக்கு இருந்த விலக்கு வட்டிக்குக் கிடையாது. அறுபது வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு வங்கியில் கிடைக்கும் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி பிடிக்கப்படும். ஆனால் புதிய வரிமுறையில் நான்கு லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லை என்பதால், 15ஜி என்று நமக்குப் பழகிய சுய உறுதிமொழிப் படிவத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே வங்கியில் கொடுத்துவிட்டால் பிடித்தம் இருக்காது. பான் எண் இல்லாமல் கொடுக்கும் படிவம் செல்லாது. கொழுந்து விற்ற வருமானத்தை வரி விகிதத்துக்காகச் சேர்த்துக் கணக்கிடும் ஒரு முறை சட்டத்தில் உண்டு. ஆனால் வேளாண்மை அல்லாத வருமானம் அந்த நான்கு லட்சத்தைத் தாண்டினால்தான் அது பொருந்தும். உங்களுடைய 93,800 ரூபாய் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது.

அக்காள் விஷயத்துக்கு வருகிறேன். உடன்பிறந்தவருக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பெறுபவரும் வரி கட்ட வேண்டியதில்லை. ஆகவே மாற்றுவதால் வரிச் சிக்கல் வராது. மாற்றிய நாளிலிருந்து அந்தப் பணம் அவருடையதாகிவிடும், அவ்வளவுதான். இல்லாத வரிக்குப் பயந்து கணவரின் பணத்தை இன்னொருவர் பெயரில் எழுதிவைத்துவிட்டு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவரிடம் கேட்டு நிற்கும் நிலையை நான் இந்த மலையிலேயே இரண்டு குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். பணத்தைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் பெயரிலேயே இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவரின் வைப்புக்கு வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு இருக்கிறது.

கேள்வி: ஊட்டியில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறேன். 2015இல் ஐந்து லட்சம் ரூபாயை ஒரே தவணையாகக் கட்டி ஒரு பாலிசி எடுத்தேன். காப்புத் தொகை 6,25,000 ரூபாய். 2025 டிசம்பரில் முதிர்ந்தபோது 9,20,000 ரூபாய் கணக்கிட்டு, அதில் 8,400 ரூபாயை வரியாகப் பிடித்துவிட்டார்கள். ஆயுள் காப்பீட்டில் வரும் பணத்துக்கு வரியே கிடையாது என்று சொல்லித்தானே முகவர் பாலிசியை விற்றார்?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: முகவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். இடையில் நீங்கள் காலமாகியிருந்தால் உங்கள் மனைவிக்குக் கிடைத்திருக்கும் தொகை முழுவதும் வரியற்றதாக இருந்திருக்கும். உயிரோடு இருந்து முதிர்வுத் தொகையை வாங்கும்போதுதான் நிபந்தனைகள் வருகின்றன. 2003 ஏப்ரல் 1 முதல் 2012 மார்ச் 31 வரை வழங்கப்பட்ட பாலிசிகளில், ஓர் ஆண்டின் பிரீமியம் காப்புத் தொகையில் இருபது சதவீதத்தை மீறக் கூடாது. 2012 ஏப்ரல் 1க்குப் பிறகு வழங்கப்பட்டவற்றில் பத்து சதவீதத்தை மீறக் கூடாது. உங்கள் காப்புத் தொகையில் பத்து சதவீதம் 62,500 ரூபாய். நீங்கள் ஒரே ஆண்டில் கட்டியது ஐந்து லட்சம். ஒற்றைத் தவணை பாலிசிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் விலக்கை இழக்கின்றன. 2023 ஏப்ரல் 1க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கு, எல்லா பாலிசிகளுக்குமாகச் சேர்த்துக் கட்டும் ஆண்டு பிரீமியம் ஐந்து லட்சத்தைத் தாண்டக் கூடாது என்ற இன்னொரு வரம்பும் உண்டு. 2021 பிப்ரவரி 1க்குப் பின் எடுத்த, பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப் பாலிசிகளுக்கு அந்த வரம்பு இரண்டரை லட்சம்.

விலக்கு போய்விட்டாலும் 9,20,000 ரூபாய் முழுவதும் வருமானம் ஆகிவிடாது. நீங்கள் கட்டிய ஐந்து லட்சத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் 4,20,000 ரூபாயே வருமானம். அதன் மீது பிடிக்கும் விகிதம் 2024 அக்டோபர் 1 முதல் ஐந்து சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதமாகக் குறைந்ததால்தான் 8,400 ரூபாயோடு போயிற்று. உங்கள் வியாபார வருமானம் ஆறு லட்சம் என்று வைத்துக்கொண்டால் மொத்த வருமானம் 10,20,000 ரூபாய். புதிய வரிமுறையில் 2025–26 நிதியாண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை, பிடித்த பணமும் திரும்ப வரும். வரி இல்லை என்பதற்காகக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்; நான்கு லட்சத்தைத் தாண்டியவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

இன்னொரு செய்தி. வியாபாரத்தில் கடன் கொடுக்கல் வாங்கல் இருப்பவர் நீங்கள். அடுத்த பாலிசியை 1874ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் ஆறாவது பிரிவின் கீழ், மனைவி மக்களின் நன்மைக்கென்று எழுதி எடுங்கள். அப்படி எடுத்த பாலிசியின் பணம் அவர்களுக்கான அறக்கட்டளையாகக் கருதப்படுவதால், உங்கள் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டுப் பெற வேண்டும். பிரீமியத்தைப் பொறுத்தவரை, தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருப்பதால் அந்தச் சுமையும் இப்போது இல்லை.

கேள்வி: எங்கள் நிலத்துக்குப் பட்டா இல்லாததால் அப்பா தன்னுடைய பாலிசியை வங்கிக்கு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தார். அவர் இறந்த பிறகு வந்த பத்து லட்சத்தில் ஆறு லட்சத்தை வங்கி எடுத்துக்கொண்டது. நாமினியான அம்மாவுக்கு நான்கு லட்சம் கிடைத்தது. வங்கிக்குப் போன ஆறு லட்சத்துக்கும் நாங்கள் வரி கட்ட வேண்டுமா?
– வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். ஆறு லட்சமும் நான்கு லட்சமும் ஒரே இறப்புத் தொகையின் இரண்டு பங்குகள். இரண்டுக்கும் வரி கிடையாது. கடன் அடைபட்டதையும் உங்கள் வருமானமாக யாரும் கணக்கிட மாட்டார்கள். 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாவது பிரிவில் சிக்கி, பட்டா கிடைக்காமல் இருக்கும் நிலங்களில் வாழ்பவர்களுக்கு, வங்கியில் அடமானம் வைக்கக் கையில் இருப்பது பல நேரங்களில் பாலிசி ஒன்றுதான் என்பதை நாங்கள் அறிவோம். அப்படி எழுதிக்கொடுத்தால் நாமினியின் உரிமை போய்விடுமோ என்ற அச்சம் முன்பு நியாயமானதாக இருந்தது. 2015இல் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு, கடனுக்காகப் பாலிசியை எழுதிக்கொடுத்தாலும் நாமினி நியமனம் ரத்தாவதில்லை. கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டிய அளவுக்கு மட்டும் நாமினியின் உரிமை குறைகிறது. உங்கள் அம்மாவுக்கு நான்கு லட்சம் நேரடியாக வந்தது இதனால்தான். வங்கியிடம் கடன் முடிந்ததற்கான சான்றை வாங்கி, எடுத்துக்கொண்ட தொகை நிலுவைக் கணக்குடன் ஒத்துப்போகிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

கேள்வி: என் கணவர் திருமணத்துக்கு முன்பு எடுத்த பாலிசியில் அவருடைய தம்பியை நாமினியாகப் போட்டிருந்தார், பிறகு மாற்றவே இல்லை. எட்டு லட்சம் ரூபாய் கொழுந்தனார் கணக்குக்குப் போய்விட்டது. அவர் நல்லவர், கொடுத்துவிடத் தயாராக இருக்கிறார். ஆனால் அப்படிக் கொடுத்தால் அவருக்கும் எனக்கும் வரி விழும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். எங்களுக்குப் பதினாறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.
– வாசகி, அரவேணு

பதில்: கொழுந்தனாருக்கும் வரி இல்லை, உங்களுக்கும் இல்லை. அவர் கணக்குக்கு வந்தது வரியற்ற இறப்புத் தொகை. அவர் அதைக் கணவரின் வாரிசுகளிடம் சேர்ப்பது சட்டப்படி அவருடைய கடமை, அன்பளிப்பு அன்று. 2015 திருத்தத்தின்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால்தான் பணம் அவர்களுக்கே சொந்தமாகும். உடன்பிறந்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே. உரியவர்கள் வாரிசுகள் என்று உச்ச நீதிமன்றம் 1984இல் சர்பதி தேவி வழக்கில் சொன்னது அவரைப் போன்றவர்களுக்கு இன்றும் பொருந்தும்.

யார் வாரிசு என்பதில் மட்டும் கவனம் தேவை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவி, மகன், தாய் ஆகிய மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். உயில் இல்லாத நிலையில் மூவருக்கும் சமபங்கு. அதாவது எட்டு லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் மாமியாருடையது. கொழுந்தனார் முழுத் தொகையையும் உங்களிடமே கொடுத்துவிட்டால், பிற்பாடு மாமியார் தரப்பில் கேள்வி எழும்போது மாட்டிக்கொள்பவர் அவர்தான். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அதன்படி மூன்று கணக்குகளுக்கும் வங்கி மூலமாகவே அனுப்பச் சொல்லுங்கள். மாமியார் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் அதை அவர் தனியாக எழுதித் தரட்டும். கொழுந்தனாரின் கணக்கில் பணம் கிடந்த மாதங்களுக்கு வந்த வட்டி மட்டும் வருமானமாகக் கணக்கில் வரும்.

மகனின் பங்கைப் பற்றி ஒரு சொல். அசலுக்கு வரி இல்லை; ஆனால் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பெயரில் உள்ள வைப்பு நிதி வட்டி, உயிரோடிருக்கும் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். ஆகவே இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த வட்டி உங்கள் கணக்கில்தான் வரும்.

கேள்வி: என் கணவர் அருவங்காடு தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆனுவிட்டி திட்டத்தில் போட்டிருந்தார். அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியமும் வருகிறது, அந்தத் திட்டத்திலிருந்து மாதம் 6,000 ரூபாயும் வருகிறது. இறப்புக்குப் பின் வருவதால் இரண்டுமே வரியற்றவை என்று நினைத்திருந்தேன். 'மரண வரி' என்று ஒன்றும் கட்ட வேண்டுமா?
– வாசகி, வெலிங்டன்

பதில்: இரண்டுக்கும் வரி உண்டு, அம்மா. பலரும் தடுமாறும் இடம் இது. இறப்பினால் மொத்தமாக வரும் காப்பீட்டுத் தொகைக்குத்தான் விலக்கு. மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும் ஆனுவிட்டி, யார் கைக்கு வருகிறதோ அவருடைய வருமானம். குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைப் புதிய வரிமுறையில் கழித்துக்கொள்ளலாம். பழைய முறையில் 15,000 ரூபாய்தான் உச்சம். இந்தக் கழிவு, பணிக்கு அமர்த்தியவர் தரும் குடும்ப ஓய்வூதியத்துக்கு மட்டுமே. காப்பீட்டு நிறுவனம் தரும் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000 ரூபாயாக, எந்தக் கழிவும் இல்லாமல் வருமானத்தில் சேரும். இரண்டையும் வங்கி வட்டியையும் கூட்டினாலும் பன்னிரண்டு லட்சத்தைத் தொடாது என்றால் வரி வராது. ஆனால் கூட்டுத்தொகை நான்கு லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஓய்வூதியம் வரும் வங்கியில் ஆண்டு அறிக்கையையும், ஆனுவிட்டி தரும் நிறுவனத்திடம் தனிச் சான்றையும் ஏப்ரலிலேயே கேட்டு வாங்கி வையுங்கள்.

உங்கள் கணவர் இறந்த நிதியாண்டில், இறந்த நாள் வரை அவருக்கு வந்த ஓய்வூதியத்துக்கும் வட்டிக்கும் அவர் பெயரில் ஒரு கடைசிக் கணக்கு இருக்கிறது. வருமான வரித் தளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்துகொண்டு நீங்கள்தான் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் வரி ஏதேனும் வந்தாலும் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருந்த 'மரண வரி' இப்போது இல்லை. 1953இல் கொண்டுவரப்பட்ட அந்தச் சொத்துத் தீர்வை, 1985 மார்ச் 16 முதல் நிகழும் இறப்புகளுக்கு நீக்கப்பட்டுவிட்டது.